மூச்சு அடங்கும் நேரம்: டி.என்.ஆர். பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் படுக்கைப் புண் பற்றி எழுதிய பதிலின் முடிவில், ‘டி.என்.ஆர். எழுதப்பட்ட நோயாளிகளுக்கும் இதே கவனிப்புதான்’ என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்தச் சொல்லுக்கு விளக்கம் தர மறந்துவிட்டேன். ‘டூ நாட் ரிசசிடேட்’ என்பதன் சுருக்கம் அது; இதயமோ மூச்சோ நின்றுபோனால் மீண்டும் இயக்க முயல வேண்டாம் என்று கேஸ் ஷீட்டில் எழுதும் உத்தரவு. வார்டிலேயே வாழ்நாளைக் கழித்த செவிலியருக்கு அது அன்றாடச் சொல். வீட்டாருக்கோ அது தலையில் விழும் இடி. அதைக் கேட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வேலூரையும் சுற்றியுள்ள பழைய வட ஆற்காட்டு ஊர்களையும் சேர்ந்தவை. அவற்றில் ஏழு கடிதங்களுக்கு இம்முறை பதில் எழுதுகிறேன். விஷயத்தின் தன்மை கருதி யாருடைய பெயரையும் வெளியிடவில்லை.

எங்கள் அப்பாவுக்கு வயது 74. நுரையீரல் புற்றுநோய் எலும்புக்கும் கல்லீரலுக்கும் பரவிவிட்டது. இனி எந்த மருந்தும் நோயைக் கட்டுப்படுத்தாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். ‘இதயமோ மூச்சோ நின்றால் நெஞ்சை அமுக்குவதோ மெஷினில் வைப்பதோ செய்ய மாட்டோம்’ என்ற படிவத்தில் அண்ணன் கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து பெரியப்பா வீட்டார் அவரோடு பேசுவதில்லை. ‘பெத்த அப்பன் சாவுக்குக் கையெழுத்துப் போட்டவன்’ என்று ஊரில் சொல்கிறார்கள். அண்ணன் செய்தது தவறா?
— ஒரு மகள், குடியாத்தம்

தவறில்லை, அம்மா. இந்தப் பதிலை முடிந்தால் உங்கள் பெரியப்பாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

இதயம் நின்றவருக்குச் செய்யும் அந்த முயற்சியைச் சி.பி.ஆர். என்பார்கள். மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஒவ்வொரு முறையும் குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழம் இறங்கும்படி அழுத்த வேண்டும். முறையாகச் செய்யும்போதே வயதானவர்களுக்கு விலா எலும்புகள் முறிவது சகஜம். அந்தச் சத்தத்தை ஒரு முறை கேட்ட செவிலியர் எவரும் அதை மறந்திருக்க மாட்டார். இதனோடு தொண்டை வழியாகக் குழாய் செருகுவதும், மூன்று முதல் ஐந்து நிமிடங்களுக்கு ஒரு முறை அட்ரினலின் ஊசி போடுவதும், தேவைப்பட்டால் மின் அதிர்ச்சி கொடுப்பதும் நடக்கும். அந்த நேரத்தில் உறவினர்களைத் திரைக்கு வெளியே அனுப்பிவிடுவது வழக்கம் என்பதால், உள்ளே நடப்பது என்னவென்று வீட்டாருக்குத் தெரிய வாய்ப்பில்லை. சினிமாவில் இரண்டு முறை அழுத்தியதும் கண் விழிப்பவரைத்தான் அவர்கள் மனத்தில் வைத்திருக்கிறார்கள்.

நெஞ்சை வெளியிலிருந்து அழுத்தி இரத்த ஓட்டத்தைக் காக்கும் முறையை 1960இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் ஆகிய மூவர் உலகுக்கு அறிவித்தார்கள். கூவன்ஹோவன் மருத்துவரே அல்லர், மின் பொறியாளர். மின்சாரம் தாக்கியோ, அறுவை சிகிச்சைக்கு மயக்கம் கொடுக்கும்போதோ, அதுவரை ஓரளவு நன்றாக இருந்த ஒருவருடைய இதயம் சட்டென்று நின்றுபோனால், அதை மீண்டும் ஓடவைக்கக் கிடைத்த வழி அது. அப்படிப்பட்டவர்களுக்கு அது வரம்தான். ஆனால் மேலை நாடுகளின் பெரிய மருத்துவமனைகளிலேயே, உள்நோயாளியாக இருக்கும்போது இதயம் நின்று இந்த முயற்சிக்கு ஆளானவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான் உயிரோடு வீடு திரும்புகிறார். உடலெங்கும் பரவிய புற்றுநோயின் இறுதிக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு அந்த வாய்ப்பு இன்னும் மிகக் குறைவு. அவர்களுக்கு இதயம் நிற்பது தற்செயலான விபத்தாக வருவதில்லை. நோய் தன் வேலையை முடித்ததன் கடைசி அடையாளமாக வருகிறது. ஒருவேளை சில மணி நேரம் இதயத் துடிப்பு திரும்பினாலும், அதே நுரையீரலோடும் அதே கல்லீரலோடும், கூடவே முறிந்த விலாவோடும் அவர் ஐ.சி.யூ.வில் கிடப்பார்.

இந்த முடிவு உங்கள் அண்ணன் ஒருவருடையதும் அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறையின்படி, சி.பி.ஆரால் பயனில்லை, அது துன்பத்தையே கூட்டும் என்று மதிப்பிட வேண்டியவர் சிகிச்சை அளிக்கும் மருத்துவர். அதை நோயாளியிடமோ, அவரால் முடியாதபோது அவர் சார்பில் பேசக்கூடிய உறவினரிடமோ விளக்கிப் பேசி எழுத்தில் பதிய வேண்டும். வீட்டாரிடம் கேட்கப்படும் கேள்விதான் பல இடங்களில் தவறாக இருக்கிறது. ‘எல்லாவற்றையும் செய்யட்டுமா, வேண்டாமா?’ என்று ஒரு மகனிடம் கேட்டால் அவன் என்ன சொல்வான்? ‘வேண்டாம்’ என்று சொன்ன பழி ஆயுளுக்கும் அவன் தலையில் நிற்கும். ‘உங்கள் அப்பாவுக்குப் பேச முடிந்தால் இந்த நிலையில் அவர் என்ன விரும்பியிருப்பார்?’ என்று கேட்டிருந்தால், பதில் சொல்லியிருப்பவர் அப்பாவாக இருந்திருப்பார்.

என் மாமனாருக்கு டி.என்.ஆர். எழுதியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு நர்சுகள் அவரைக் கவனிக்க மாட்டார்கள், மருந்தையும் குளுக்கோசையும் நிறுத்திவிடுவார்கள் என்று பக்கத்துக் கட்டில்காரர் சொல்கிறார். உண்மையா?
— பட்டு நெசவாளர், ஆரணி

உண்மையில்லை, ஐயா. அப்படி ஒரு வார்டில் நடந்தால் அது அந்த வார்டின் குற்றமே தவிர டி.என்.ஆரின் பொருள் அன்று. இதயமும் மூச்சும் நின்ற பிறகு செய்யும் ஒரே ஒரு காரியத்தைப் பற்றியது அந்த உத்தரவு. அதற்கு முந்தைய நிமிடம் வரைக்குமான எதையும் அது தொடுவதில்லை. காய்ச்சல் வந்தால் மருந்து உண்டு. வலிக்கு மருந்து உண்டு. இரத்தம் ஏற்றுவதால் நோயாளிக்கு நிம்மதி கிடைக்கும் என்றால் அதுவும் உண்டு. இவற்றில் எதைத் தொடர்வது, எதை விடுவது என்பது தனித்தனியாகப் பேசி முடிவெடுக்க வேண்டியது.

என் அனுபவத்தில் இப்படிப்பட்ட நோயாளியிடம் செவிலியருக்கு வேலை கூடத்தான் செய்யும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். வாயால் மூச்சு விடுவதால் நாக்கும் உதடும் வறண்டு வெடிக்கும். ஈரப்பஞ்சால் அடிக்கடி துடைத்து உதட்டில் வாசலின் தடவ வேண்டும். மூச்சுத் திணறலுக்குத் தலைமாட்டை உயர்த்தி, முகத்துக்கு நேரே சிறிய மின்விசிறி வைத்தாலே பலருக்குப் பாதி நிம்மதி வந்துவிடும். போதாதபோது, அபினிலிருந்து எடுக்கும் வலி மருந்தான மார்ஃபின் சிறிய அளவில் கொடுக்கப்படும். மார்ஃபின் என்றதும் ‘ஊசி போட்டு முடித்துவிட்டார்கள்’ என்ற பேச்சு எழுவதை நான் அறிவேன். வலிக்கும் திணறலுக்கும் தக்கபடி அளவு பார்த்துக் கொடுக்கும் மார்ஃபின் மரணத்தை விரைவுபடுத்துவதில்லை. மருத்துவப் பயன்பாட்டுக்கு அது எளிதில் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 2014இல் திருத்தப்பட்டது.

கடைசி நாட்களில் தொண்டையில் ‘கொர கொர’ என்று சத்தம் வரும். விழுங்கும் சக்தி இல்லாததால் எச்சிலும் சளியும் தேங்கி வரும் சத்தம் அது. கேட்பவர்களுக்கு இருக்கும் வேதனை, மயக்க நிலையில் இருக்கும் நோயாளிக்கு இருப்பதாகத் தெரியவில்லை. குழாய் விட்டுச் சளி எடுக்கச் சொல்லி வீட்டார் மன்றாடுவார்கள். ஆழமாக எடுக்கப் போனால் வலியும் இரத்தமும்தான் மிஞ்சும். ஒருக்களித்துப் படுக்க வைப்பதும், சுரப்பைக் குறைக்கும் ஊசியுமே நல்லது. குளுக்கோசும் அப்படித்தான். உடல் மெல்ல அணைந்துவரும்போது ஏற்றும் நீர், கை கால் வீக்கமாகவும் நுரையீரலில் நீராகவும் தேங்கிவிடலாம் என்பதால், ‘பட்டினி போடுகிறார்கள்’ என்று எண்ணாமல் காரணத்தை டாக்டரிடம் கேளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உறவுகள் ஒவ்வொருவராக வந்து வாயில் பால் ஊற்றுவது நம் பக்கத்து வழக்கம். விழுங்க முடியாதவருக்கு ஒரு கரண்டிப் பால் மூச்சுக்குழாயில் இறங்கினால் அது அவரைத் திணறடித்துவிடும். வழக்கத்தை விடச் சொல்லி நான் யாரிடமும் வாதாடியதில்லை. சுத்தமான பஞ்சைப் பாலில் நனைத்துப் பிழிந்து உதட்டில் ஒற்றச் சொல்வேன். பேரப் பிள்ளைகள் வரை எல்லாருக்கும் முறை கிடைக்கும், அவருக்கும் துன்பமிருக்காது.

தனியார் நர்சிங் ஹோமில் பணிபுரியும் இளம் செவிலியர் நான். இரவு இரண்டு மணிக்கு ஒரு முதியவருக்குத் துடிப்பு நின்றது. கேஸ் ஷீட்டில் எதுவும் எழுதியிருக்கவில்லை. போனில் கேட்டபோது, ‘சும்மா பேருக்குக் கொஞ்ச நேரம் அமுக்கு, வீட்டுக்காரங்க பாக்கணும்ல’ என்று டாக்டர் சொன்னார். அப்படியே செய்தேன். இன்றுவரை தூக்கம் வரவில்லை.
— ஒரு செவிலியர், வாலாஜாபேட்டை

மகளே, தூக்கம் வராததே நீ நல்ல செவிலியர் என்பதற்கு அடையாளம். பேருக்கு அமுக்குவது என்ற பழக்கம் உலகம் முழுவதும் உண்டு. எங்கே நடந்தாலும் அது ஏமாற்றுதான். பயன் உண்டு என்றால் முழு மூச்சோடு செய்ய வேண்டும். பயனில்லை என்றால் அதை முன்பே வீட்டாரிடம் பேசி, எழுதி, செய்யாமல் விட வேண்டும். நடுவில் ஒரு நாடகத்துக்கு இடமில்லை, அதிலும் அந்த நாடகத்தை நடத்தும் பொறுப்பை இரவுப் பணியில் தனியாக இருக்கும் ஒரு பெண்ணின் மேல் போடுவது அநியாயம்.

எழுத்தில் உத்தரவு இல்லாதபோது முறையான சி.பி.ஆரைத் தொடங்குவதே உன் கடமை. போனில் வந்த சொல்லை, நேரத்தோடும் சொன்னவர் பெயரோடும் குறிப்பேட்டில் எழுது. அதைவிட முக்கியமானது, பகலில் ரவுண்ட்ஸ் வரும்போதே, ‘சார், இந்த நோயாளியின் நிலை பற்றி வீட்டாரிடம் பேசியாகிவிட்டதா, ஷீட்டில் எழுதுகிறீர்களா?’ என்று கேட்டுவிடுவது. வயதில் சிறியவள் கேட்கலாமா என்று தயங்காதே. 1909இல் செவிலியர் பள்ளியும், 1946இல் பட்டப்படிப்புக்கான செவிலியர் கல்லூரியும் தொடங்கிய ஊர் வேலூர். நோயாளிக்காகக் கேள்வி கேட்பது செவிலியர் வேலையின் பாதி என்றே இங்கு எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். விளக்கம் வீட்டாருக்குப் புரியும் மொழியில் இருந்ததா என்பதையும் பார்த்துக்கொள். கல்கத்தாவிலிருந்து ரயிலேறி வந்து லாட்ஜில் தங்கி வைத்தியம் பார்ப்பவர்கள் நிறைந்த பகுதி இது. வங்காளி ஒருவர் ஆங்கிலப் படிவத்தில் தலையாட்டிவிட்டுக் கையெழுத்திட்டால் அவர் சம்மதித்தார் என்று சொல்ல முடியாது.

இதுவும் தலைக்கூத்தலும் ஒன்றுதானே?
— ஆம்பூர் வாசகர்

இல்லை. தென் மாவட்டங்கள் சிலவற்றில் முதியவர்களுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிர்ந்த நீர் ஊற்றி, இளநீர் கொடுத்து உயிரைப் போக்கும் அந்தப் பழக்கம் கொலைக் குற்றம். மருந்தைச் செலுத்தி உயிரைப் போக்குவதும் இந்தியாவில் குற்றமே. நோயால் வந்துவிட்ட மரணத்தைப் பயனற்ற முயற்சியால் தடுக்காமல் இருப்பது வேறு.

மனைவி காலமாகிவிட்டார்; மகன்கள் வெளிநாட்டில். எனக்கு அப்படி ஒரு நிலை வந்தால் குழாய், மெஷின் எதுவும் வேண்டாம் என்று இப்போதே எழுதி வைக்க விரும்புகிறேன். சட்டத்தில் இடம் உண்டா?
— ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், காட்பாடி

உண்டு, ஐயா. அந்த இடம் உருவானதில் ஒரு செவிலியரின் கதை இருக்கிறது. மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் பணியாற்றிய அருணா ஷான்பாக் 1973இல் அங்கேயே ஓர் ஊழியனால் தாக்கப்பட்டு மூளை பாதிக்கப்பட்டார். 42 ஆண்டுகள், 2015 மே மாதம் நிமோனியாவில் இறக்கும் வரை, அதே மருத்துவமனையின் செவிலியர்கள் தலைமுறை தலைமுறையாக அவரைப் பார்த்துக்கொண்டார்கள். அவருக்கு உணவு கொடுப்பதை நிறுத்தக் கோரிய மனுவை 2011 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது; அவர் சார்பில் பேசும் உரிமை அவரைக் காத்து வந்த மருத்துவமனை ஊழியர்களுக்கே உண்டு என்றது. அதே தீர்ப்பில்தான், உயிர்காக்கும் சிகிச்சையைச் சில நிலைகளில் விலக்கிக்கொள்ளலாம் என்ற கதவும் முதன்முதலாகத் திறந்தது. பிறகு 2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் அடங்கிய அமர்வு, கண்ணியத்தோடு இறப்பதும் அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உரிமையில் அடங்கும் என்று கூறி, செய்தித்தாள்கள் ‘லிவிங் வில்’ என்று எழுதும் முன்விருப்ப ஆவணத்துக்கு அனுமதி தந்தது. அப்போது வகுத்த நடைமுறை மிகவும் சிக்கலாக இருந்ததால் 2023 ஜனவரி 24 அன்று அதை எளிமையாக்கினார்கள்.

இப்போதைய நடைமுறைப்படி, தெளிந்த மனநிலையில் உள்ள வயதுவந்த எவரும், எந்த நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று தெளிவாக எழுதி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்றொப்பம் பெற்றால் போதும். முன்பு இருந்ததுபோல் நீதித்துறை நடுவரிடம் போக வேண்டியதில்லை. உங்களால் பேச முடியாதபோது முடிவு சொல்ல வேண்டியவர்களின் பெயர்களையும் அதில் எழுத வேண்டும். உங்கள் மகன்கள் விமானம் பிடித்து வந்துசேர நேரமாகும் என்பதால், காட்பாடியிலோ வேலூரிலோ இருக்கும் நம்பிக்கையான உறவினர் ஒருவரையும் சேர்ப்பது நல்லது. படியொன்றைக் குடும்ப மருத்துவரிடமும், ஒன்றை உள்ளாட்சி அலுவலகத்திலும் கொடுக்க வேண்டும். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம்.

இந்த ஆவணம் நடைமுறைக்கு வருவதற்கு இரண்டு மருத்துவக் குழுக்கள் ஒப்ப வேண்டும். முதல் குழுவில் சிகிச்சை தரும் மருத்துவரும், ஐந்து ஆண்டுகளாவது அனுபவமுள்ள துறை வல்லுநர் இருவரும் இருப்பார்கள்; இரண்டாம் குழுவில் மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் நியமிக்கும் மருத்துவர் ஒருவரும் வேறு இரு வல்லுநர்களும் இருப்பார்கள். கூடுமானவரை ஒவ்வொரு குழுவும் 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். ஆவணத்தை எழுதிப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, மகன்களிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள். எத்தனையோ வீடுகளில் பதினாறாம் நாள் பீரோவைத் திறக்கும்போதுதான் இப்படிப்பட்ட தாள்கள் கிடைக்கின்றன.

‘இனி வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்’ என்று டாக்டர் சொன்னதும், சொந்தப் பொறுப்பில் கூட்டிப் போவதாக எழுதிக் கொடுத்து அம்மாவை அழைத்து வந்துவிட்டோம். வீட்டில் என்ன செய்வது என்று தெரியவில்லை.
— விவசாயி, அணைக்கட்டு

டாக்டர் போகச் சொல்லியும் ‘சொந்தப் பொறுப்பு’ என்று ஏன் எழுத வைத்தார்கள் என்பதே என் முதல் கேள்வி. நம் நாட்டில் டி.என்.ஆர். பற்றி வெளிப்படையாகப் பேசத் தயங்குவதால், நடுராத்திரியில் ஆம்புலன்சில் ஏற்றி, வீட்டு வாசலில் வைத்து மூச்சுக்கான குழாயை எடுக்கும் அவலம் நடக்கிறது. அப்படி எழுதிக் கொடுத்துவிட்டு வருபவர்களுக்கு வலி மருந்தோ, ஆலோசனையோ, சந்தேகம் கேட்க ஒரு போன் நம்பரோ கிடைப்பதில்லை. நாளைக்கே அந்த மருத்துவமனைக்கு ஒருவர் போய், அம்மாவின் நிலையை விவரிக்கும் டிஸ்சார்ஜ் சுருக்கத்தையும் வலிக்கான மருந்துச் சீட்டையும் கேட்டு வாங்குங்கள்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலி தணிப்பு சேவையை வீட்டுக்கே வந்து தருவதும் அடங்கும். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள். மூச்சு நிற்கும் நேரத்தில் பதற்றத்தில் 108ஐ அழைத்தால், உயிர்காக்கும் முயற்சியைத் தொடங்கி மருத்துவமனைக்குக் கொண்டுபோவதுதான் அவர்கள் வேலை. வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தால், யாரை அழைப்பது என்பதை இப்போதே வீட்டில் எல்லாரும் பேசி, சுவரில் எழுதி வையுங்கள். அம்மாவைப் பார்த்துவரும் மருத்துவர் ஒருவர் இருந்தால்தான் மரணத்துக்கான காரணத்தைச் சான்றளிப்பதும் எளிதாகும். கிராம நிர்வாக அலுவலரிடம் 21 நாட்களுக்குள் பதிவு செய்துவிடுங்கள்.

அம்மாவுக்கு நோய் முற்றிவிட்டது எங்களுக்கு மட்டும்தான் தெரியும். டி.என்.ஆர். பற்றி எங்களிடம்தான் பேசுகிறார்கள். அம்மாவிடம் சொன்னால் இடிந்துபோய்விடுவார் என்று அக்கா தடுக்கிறார். சொல்லலாமா?
— ராணிப்பேட்டை வாசகி

நினைவோடு இருக்கும் ஒருவரை விட்டுவிட்டு அவருடைய மூச்சைப் பற்றி மற்றவர்கள் முடிவெடுப்பது எனக்கு ஒப்புதல் இல்லை. சட்டமும் அவருடைய சொல்லைத்தான் முதலில் கேட்கச் சொல்கிறது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் போட்டுடைக்க வேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். ‘உங்கள் உடம்பைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், அம்மா?’ என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவர் பேச்சை மாற்றினால் விட்டுவிடுங்கள். வேறொரு நாள் கேட்கலாம். பெரும்பாலான நோயாளிகள் பிள்ளைகளுக்கு முன்பே தெரிந்துகொண்டு, பிள்ளைகள் அழக்கூடாதே என்று தெரியாதது போல நடிக்கிறார்கள்.

பல ஆண்டுகளுக்கு முன், பீடி சுற்றிக் குடும்பத்தைக் காப்பாற்றிய ஒரு மூதாட்டி என் வார்டில் இருந்தார். மூன்று மகள்களும் தாழ்வாரத்தில் வைத்து, அவருக்குத் தெரியவே கூடாது என்று எங்களிடம் சத்தியம் வாங்கினார்கள். அன்று மாலை நான் வாயைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது அவரே கேட்டார்: ‘நர்சம்மா, அந்தக் கொழாய வாயில வுட்டுட்டா பேச முடியாதா?’ முடியாது என்றேன். ‘எனுக்குத் தெரியாதா என் ஒடம்பு? இதுங்க வெளியே நின்னு அழுவுதுங்க. சீட்டுப் பணம் யார் யார்கிட்ட கீதுன்னு நான் சொல்லாம பூட்டா எவ கேட்டு வாங்குவா?’ மகள்களை உள்ளே அழைத்தேன். மூன்று வீடுகள், மூன்று தொகைகள், ஒரு கம்மல் அடகுச் சீட்டு. எல்லாவற்றையும் இரண்டு முறை சொல்லவைத்துச் சரிபார்த்துவிட்டு, ‘கொழாய் வேணாம்னு எய்திக்கிறதுக்கு எங்க கைநாட்டு வெக்கணும்?’ என்று கேட்டார்.